அழுங்கும் சிவப்பு மணிகளும்

மூன்று வருடமாக மழை எட்டிப் பார்க்காத ஒரு காட்டில், ஒரு குட்டைக் குன்று இருந்தது. யானை படுத்திருப்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான் உயரம். அதன் காலடியில் ஓர் ஊற்று. அந்தக் காட்டுக்கே தண்ணீர் அது ஒன்றுதான்.

குன்றின் வடக்குச் சரிவில், பாறைக்கு அடியில் வளை தோண்டி ஓர் அழுங்கு வாழ்ந்தது. அழுங்கைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? முதுகு முதல் வால் நுனி வரை செதில். வாயில் ஒரு பல் கிடையாது. எறும்பும் கறையானும்தான் சாப்பாடு. பயம் வந்தால் தலையை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும். மற்றப் பிராணிகள் எதிரே வரும்போதெல்லாம் அது சுருண்டே கிடந்தது. பந்தோடு யார் பேசுவார்கள்? யாரும் பேசவில்லை.

பேச ஆளில்லாதவர்கள் கையில் அகப்பட்டதை உற்றுப் பார்ப்பார்கள். அழுங்கின் கையில் அகப்பட்டது பாறை. தோண்டத் தோண்ட அந்தப் பாறை ஏடு ஏடாகப் பிரிந்து வரும். ஏடுகளுக்கு நடுவே காக்காப்பொன் தகடுகள் மினுங்கும். தகடுகளுக்கு நடுவே மாதுளை முத்துபோலச் சிவப்பு மணிகள் புதைந்திருக்கும். ஒருநாள் அதன் நகம் பட்டு ஒரு மணி சரிபாதியாகப் பிளந்தது. வளை வாசலில் வெயிலுக்குக் காட்டிப் பார்த்தது அழுங்கு. உள்ளே கரும்புள்ளிகள் நத்தை ஓடுபோலச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தன.

அழுங்கு வெகுநேரம் அதையே பார்த்தது. சுருள்வது என்றால் என்ன என்று அதற்குத் தெரியும். எதுவோ நெருக்கினால்தான் சுருள வேண்டிவரும். இந்தச் சின்னக் கல்லை அவ்வளவு தூரம் நெருக்கியது எது? கேட்டுச் சொல்ல யாருமில்லை. ஆகையால் தானே தோண்டிப் பார்த்தது. வருடக்கணக்கில் தோண்டியது. ஏடுகள் எந்தப் பக்கம் மடிந்திருக்கின்றன, மணிகள் எந்தப் பக்கம் உருண்டிருக்கின்றன என்று ஒவ்வொன்றாக நகத்தால் தடவிப் பார்த்துப் புரிந்துகொண்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் குலம் குன்றுக்கு முதலில் வந்ததோ, ஊற்றில் அதற்கே முதல் வாய். கடைசியாக வந்த குலத்துக்குக் கடைசி வாய். யார் முதலில் வந்தது என்பது யாருக்கும் ஞாபகமில்லை. தண்ணீர் தாராளமாக இருந்தவரை அதைக் கேட்கவும் ஆளில்லை. இப்போது ஊற்றில் ஒரு சாண் தண்ணீர்தான். கடைசியில் நிற்பவருக்குச் சேறுதான் மிஞ்சும்.

இந்தச் சமயம் பார்த்து நரி கிளம்பியது. குன்றின்மேல் பாறைமுகமெல்லாம் சிவப்புச் சிவப்பாக இருக்கிறதே, அதெல்லாம் தன் முப்பாட்டன் சிந்திய ரத்தம் என்றது. ஒரு புலியோடு சண்டை போட்டுக் குன்றைப் பிடித்தாராம். ஆகவே நரிக்குலமே முதல் குலம், முயல்தான் கடைசி. சொன்ன கையோடு, மலைக்கே அரசன் என்ற பொருளில், தன் பெயருக்கு முன்னால் ‘மலைக்கோ’ என்றும் சேர்த்துக்கொண்டது.

கூட்டம் கூட்டித்தான் இதை முடிவு செய்ய வேண்டும், கூட்டத்துக்குச் சாட்சி வேண்டும் என்றது உடும்பு. ஊற்றுப் பஞ்சாயத்துக்கு உடும்புதான் தலைமை. பாறையைப் பற்றித் தெரிந்தது யார்? அழுங்கு ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே நரி வளை வாசலுக்கு வந்து உட்கார்ந்தது. அழுங்கு வழக்கம்போல் சுருண்டது. நரி போகவில்லை. தாமதமாகும் என்று தெரிந்தேதான் வந்திருந்தது. தன் முப்பாட்டன் கதையை முழுக்கச் சொன்னது. பிறகு குரலைத் தாழ்த்தியது.

"ஐயா, எத்தனை வருஷமா இப்படித் தனியா கிடக்குறீங்க? உங்களுக்கு உடம்புக்கு முடியலைன்னா வந்து பாக்க ஒரு நாதி உண்டா?"

நரி இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தது.

"கூட்டத்துல ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, அது ரத்தம்தான்னு. எங்க கூட்டம் மொத்தமும் உங்களைச் சித்தப்பான்னு கூப்பிடும். முதல் வாய்த் தண்ணியும் எங்களோட."

பந்து மெல்லப் பிரிந்தது. "சித்தப்பாவா?" என்று கேட்டது அழுங்கு. அதை அதுவரை யாரும் எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை.

அடுத்த மூன்று சாயங்காலமும் நரிகள் வந்தன. சித்தப்பா சாப்பிட்டாச்சா, சித்தப்பா அந்தப் புதருக்குப் பின்னால் பெரிய கறையான் புற்று இருக்கு, சித்தப்பா நடை என்ன இப்படி ஆடி அசைஞ்சு வருது என்று பேச்சும் கேலியுமாக வளை வாசல் கலகலத்தது. ஒரு நரி அழுங்கைப்போலவே சுருண்டு காட்ட முயன்று சரிவில் உருண்டு விழுந்தது. அழுங்கு சிரித்தது. தனக்குச் சிரிப்பு வரும் என்பதே அதற்கு அன்றுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் நரிகள் போன பிறகு வளை முன்பைவிடப் பெரிதாக, வெறிச்சென்று இருந்தது. ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டது அழுங்கு.

மறுநாள் காலை கூட்டம் கூடியது. உடும்பு ஒரு பாறைமேல் ஏறி, நாக்கை இரண்டு தரம் நீட்டி உள்ளே இழுத்தது. பிறகு அழுங்கைக் கூப்பிட்டது.

"பாறைக்குள்ள போய்ப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். அது ரத்தமா?"

அழுங்கு வாயைத் திறக்குமுன்பே முயல் முன்னால் வந்தது. அது அழவில்லை, வாதாடவுமில்லை.

"அவரு உள்ள இருக்கிறவரு. அவரு பொய் சொல்ல என்ன இருக்கு? ரத்தம்னு சொன்னா நாங்க கடைசிக்கே போயிடுறோம்" என்றது. சொல்லிவிட்டுத் தன் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வரிசையின் கோடியில் போய், சேற்றுப் பக்கமாக நின்றுகொண்டது.

அழுங்கு அந்தப் பக்கம் பார்த்தது. நரிகள் பக்கமும் பார்த்தது. சுருண்டுகொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தது. சுருளவில்லை.

"ரத்தம்னா மேலே இருந்து சொட்டியிருக்கணும். சொட்டினது மேலேதானே இருக்கும்? பாறையைப் பிளந்து பார்த்துடலாம்" என்றது.

"சித்தப்பா" என்றது நரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அழுங்கு தன் நகத்தைக் காக்காப்பொன் மினுங்கும் இடுக்கில் நுழைத்து நெம்பியது. பாறை ஏடாகப் பிரிந்தது. சூரியனைப் பார்த்தே இராத அந்த உள்முகத்திலும் சிவப்பு மணிகள் நிறைந்து கிடந்தன.

"உள்ளே ஊறியிருக்கும். எங்க முப்பாட்டன் ரத்தம் கெட்டியான ரத்தம்" என்றது நரி.

சிலர் தலையாட்டினார்கள். அழுங்கு ஒரு மணியைச் சுட்டிக் காட்டியது.

"ஊறின ரத்தம் ஏடு போற வழியிலேயே பரவும். இங்கே பாருங்க, ஆத்து நடுவுல கல் கிடந்தா தண்ணி விலகிப் போகுமில்ல, அந்த மாதிரி ஏடெல்லாம் மணியைச் சுத்தி வளைஞ்சு போகுது. பாறை மடியும்போதே மணி உள்ளே இருந்திருக்கு."

பிறகு அந்த மணியைப் பிளந்து உடும்பின் முன்னால் வைத்தது. உள்ளே அதே நத்தைச் சுருள். கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"இது சொட்டினது இல்லை. உருண்டது. உருண்டுகிட்டே வளர்ந்தது" என்றது அழுங்கு.

பிறகு, அத்தனை வருடமும் யாரிடமும் சொல்லாததைச் சொன்னது. ஒரு காலத்தில் இரண்டு பக்கமிருந்தும் நிலம் ஒன்றை ஒன்று நெருக்கியது. நெருங்கிய நிலம் மடிந்து, மேகத்துக்கும் மேலே மலையாக எழுந்தது. இந்தப் பாறை அந்த மலையின் அடிவயிற்றில், ஆழத்தில், சூட்டிலும் பாரத்திலும் கிடந்தது. அந்தச் சூட்டில்தான் மணி உள்ளிருந்து மேல்மேலாகப் படிந்து வளர்ந்தது. மலை நகர நகர மணியும் புரண்டது. மணியின் நடுப்பகுதி முதலில் நடந்ததை வைத்திருக்கிறது. ஓரம் பின்னால் நடந்ததை வைத்திருக்கிறது. மேலே இருந்த மலை மொத்தமும் கரைந்து ஓடிவிட்டது. மிஞ்சியது இந்தக் குட்டைக் குன்று.

"அப்போ இங்கே நரியும் இல்லை, முயலும் இல்லை. நானும் இல்லை. ஒரு புல்லுகூட முளைக்கலை. முதல்ல வந்தது யாருன்னு இந்தக் கல்லைக் கேட்டா, நாம எல்லாருமே நேத்து வந்தவங்கதான்."

மலைக்கோ தன் காலில் ஒட்டாத மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தது. "ஒண்டிக்கட்டைக்கு உறவு எப்படி ஒட்டும்" என்று அழுங்கின் காதுபடச் சொல்லிவிட்டு நடந்தது. மற்ற நரிகளும் பின்னாலேயே போயின. சரிவில் உருண்டு காட்டிய நரி மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

உடும்பு யோசித்துத் தீர்ப்புச் சொன்னது. முதல் குலம் என்று ஒன்று இல்லாததால், அன்றன்று யார் முன்னால் வந்து நிற்கிறார்களோ அவர்களுக்கு முதல் வாய். ஆனால் யாராக இருந்தாலும் மூன்று வாய்க்கு மேல் கூடாது. முயல் குட்டிகள் அன்றைக்கே சேற்றைவிட்டு வெளியே வந்தன.

அழுங்கின் கால் குட்டை, நடை மந்தம். தினமும் அதுதான் கடைசி. அது வந்து சேர்வதற்குள் மற்றவை குடித்துவிட்டுக் கலைந்துபோயிருக்கும். ஈர மண்ணில் எல்லோருடைய காலடியும் இருக்கும், நரியினுடையது முயலினுடையதன் மேல், முயலினுடையது சருகுமானுடையதன் மேல். அழுங்கு அவற்றை மிதிக்காமல் ஓரமாக நடந்துபோய்க் குனியும். மூன்று வாய் குடிக்கும். அதற்கும் தண்ணீர் இருந்தது.

குடித்துவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நிற்கும். பிறகு வளைக்குத் திரும்பும்.

நீதி: உறவு கிடைக்கும் என்பதற்காகக்கூட, உள்ளே கண்டதை மாற்றிச் சொல்லக் கூடாது.