நாய் கட்டியிருக்கா?

காத்தாயியை ஏகாம்பரம் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் உப்புக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவருடைய தோப்பு வீட்டு மூங்கில் படலுக்கு வெளியே நின்றாள்.

உள்ளே நாய் குரைத்தது.

"நாய் கட்டியிருக்கா அய்யா?"

"ஒண்ணும் பண்ணாது, வா. இத்தனை ஊர் சுத்துறவ, இதுக்கா பயப்படுறே?"

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, உப்புப் பானையை எடுக்க வீட்டுக்குள் போனார். அலறல் கேட்டு ஓடி வந்தபோது நாயின் வாய் அவள் கழுத்தில் இருந்தது.

மறுநாள் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மலையடிவாரத்து மடத்துக்குப் போனார். அங்கிருந்த வேலம்மை அவரைவிட வயதில் இளையவள். ஆனாலும் மனசு குழம்பினால் அவர் போய் நிற்பது அவளிடம்தான்.

"ஊர் இதை அடிச்சுக் கொல்லணும்ங்குது அம்மா. நான் பிள்ளை மாதிரி வளர்த்தது. பாவம் செஞ்சது நாய். கொன்னாத் தீருமா? விட்டா அது எனக்குப் பாவமா?"

வேலம்மை குந்தி உட்கார்ந்து நாயின் முகத்தைப் பார்த்தாள்.

"நேத்து இது என்ன சொல்லிச்சு?"

"நாய் என்ன சொல்லும்? குரைச்சுது."

"அவளுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதான் வெளியிலேயே நின்னா."

"அப்புறம் ஏன் உள்ளே வந்தா?"

ஏகாம்பரம் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"கூடை எங்கே?"

"படலுக்கு உள்ளே, அவ இறக்கி வச்சபடியே இருக்கு. அவ மக என் வாசப்பக்கமே வர மாட்டேங்கிறா."

வேலம்மை கயிற்றை வாங்கி, நாயைப் புங்கமரத்தில் கட்டினாள்.

"கூடையை அவ மககிட்டக் கொண்டுபோய்க் கொடுங்க. வண்டியில வேண்டாம். தலையில வச்சுக்கிட்டு நடந்து போங்க. வழியில யாராவது உப்புக் கேட்டா அளந்து போடுங்க."

போனார்.

வழியில் ஒரு வீட்டிலிருந்து குரல் வந்தது.

"உப்பா? உள்ளே வாரும்."

வாசலில் ஒரு செம்பட்டை நாய் பல்லைக் காட்டி உறுமியது. தலையில் கூடை இருந்தால் குனிந்து கல் எடுக்க முடியாது, திரும்பி ஓடவும் முடியாது என்பது ஏகாம்பரத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நாயைக் கட்டுங்க."

"ஒண்ணும் பண்ணாது, வாரும். இவ்வளவு பெரிய மீசையை வச்சுக்கிட்டு!"

உள்ளே யாரோ சிரித்தார்கள்.

அவர் நாயைப் பார்த்தபடியே, ஓர் அடி ஓர் அடியாகப் பின்னால் நகர்ந்து தெருவுக்கு வந்தார்.

காத்தாயியின் மகள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தன் பெயரைச் சொன்னார்.

உள்ளிருந்தே கேட்டாள்.

"நாய் கட்டியிருக்கா?"

"கட்டியிருக்கு தாயி. மடத்துல."

கதவு திறந்தது.

"அது வராதேன்னுதான் குரைச்சுது. வான்னு சொன்னது நான். ஊர் கேட்டா இதையே சொல்லு. நானும் சொல்றேன்."

அவள் இரண்டு கையாலும் பிடித்து, அவர் தலையிலிருந்து கூடையை இறக்கினாள்.

பாதிக்கு மேல் உப்பு இருந்தது.