மண்டைக்குள் உப்புக் குடித்த சிலந்தி

அந்தக் காலத்தில், பாறையும் பல்லியும் பேசிக்கொண்டிருந்த நாளில், உலகத்தில் ஒருவர்கூடத் தூங்கியதில்லை. ஆளாளுக்குக் கண் கோவைப்பழமாகச் சிவந்து கிடக்கும்.

மனிதர் மண்டைக்குள் சில்வண்டுகள் குடியிருந்தன. இப்போதும்தான், சந்தேகமிருந்தால் காதைப் பொத்திப் பாருங்கள். ஒரு வண்டு இன்னொன்றோடு பேச ஒரு சொட்டு உப்புநீரைத் துப்பும். அவை பேசினால்தான் கை தூக்கும், கால் நடக்கும். சிந்திய உப்பை உறிஞ்சுவது தலைக்கு ஒரு சிலந்தி. நட்சத்திரம்போல நாலாபக்கமும் கால் நீட்டி நடுவில் உட்கார்ந்திருக்கும்.

நஞ்சன் என்ற தேனெடுப்பவன் மண்டையிலிருந்த சிலந்திக்கு ஒருநாள் பொறுக்கவில்லை.

"அடேய், ஒரு பொழுதாவது வாயை மூடுங்கள். அப்போதுதான் இடுக்கெல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவ முடியும். அழுக்கு என் முட்டிவரை நிற்கிறது."

"நாங்கள் மூடினால் இவன் நடப்பது எப்படி?" என்றது மூத்த வண்டு கீச்சன். "நீ துடைத்தால் என்ன, துடைக்காவிட்டால் என்ன?"

"என்னவா? இப்போது பார்!"

சிலந்தி எல்லாக் கால்களையும் மடக்கிக்கொண்டது.

வெளியே நஞ்சன் எங்கே இருக்கிறான் என்று அதற்குத் தெரியாது. அவன் முந்நூறு அடிப் பாறையில் கொடிக்கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் மனைவியின் அண்ணன் வெள்ளன்.

உள்ளே உப்பு ஏறியது. மூலையில் ஒரு வண்டு காரணமில்லாமல் கத்தியது. பக்கத்து வண்டும் கத்தியது. பத்து, நூறு, பிறகு எல்லாமே. ஒரே கத்தல், ஒரே தாளம். "நிறுத்த முடியவில்லையே!" என்று கதற நினைத்த கீச்சனின் வாயிலும் அதே கத்தல்தான் வந்தது.

நஞ்சன் உடம்பு கட்டையாக விறைத்தது. பிறகு வெட்டி வெட்டி இழுத்தது. கயிறு பாறையில் உராய்ந்து இழை இழையாக அறத் தொடங்கியது.

"மச்சான்! ஏய் மச்சான்! என்ன விளையாட்டு இது?" என்று எட்டிப் பார்த்த வெள்ளன் மேலே செருகியிருந்த வெள்ளை விழிகளைக் கண்டான். "ஐயோ, பாறைப்பேய் பிடிச்சிருச்சே!" பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

சிலந்திக்குப் புரிந்தது, இத்தனையும் தன்னால் வந்த வினை. கால்களை விரித்து உப்பைக் குடித்தது. குடிக்கக் குடிக்க ஊறியது. வயிறு வெடிக்கும்போலிருந்தது. விடவில்லை.

மேலே வந்துசேர்ந்த பிறகும் நஞ்சன் துடித்துக்கொண்டேயிருந்தான். இரும்பைக் கண்டால் பேய் ஓடும் என்று வெள்ளன் தன் இடுப்பிலிருந்த இரும்புக் கொக்கியை உருவி அவன் கையில் திணித்தான். அதே நொடியில்தான் உள்ளே கடைசிச் சொட்டு உப்பு தீர்ந்தது. துடிப்பு நின்றது. வண்டுகள் துவண்டு விழுந்தன. சிலந்தி மடையைத் திறந்து கழுவ ஆரம்பித்தது.

நஞ்சன் அசையவில்லை.

"தங்கச்சிக்கு என்னடா பதில் சொல்வேன்?" என்று வெள்ளன் அவன் முகத்தருகே குனிந்தான். 'கொர்ர்ர்' என்றது. உலகத்தின் முதல் குறட்டை! பேய்தான் உறுமுகிறதென்று வெள்ளன் பக்கத்து மரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டான்.

நஞ்சன் எழுந்ததும், "இரும்புதான்யா உன்னைக் காப்பாத்துச்சு" என்றான் வெள்ளன், மரத்திலிருந்தே.

"நான்டா, நான்!" என்று சிலந்தி கத்தியது. எலும்பைத் தாண்டி யாருக்குக் கேட்கும்? கீச்சனுக்கு மட்டும் கேட்டது.

"தினமும் ஒரு பொழுது வாயை மூடுகிறோம், தாயே. காலை மட்டும் மடக்காதே."

அன்று முதல்தான் நாம் தினமும் தூங்குகிறோம். அன்று முதல்தான், எங்காவது ஒரு சிலந்தியின் கால் வழுக்கி ஒருவர் துடித்து விழுந்தால், நாலு பேர் சாவிக்கொத்தோடு ஓடிவருகிறார்கள். உள்ளே சிலந்தி உப்பைக் குடித்து முடிக்கும்வரை சாவி பாட்டுக்குக் கையில் கிடக்கிறது.