அடியிலிருந்து வந்த இளையவன்

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது, நண்டுக்கும் நியாயம் தெரிந்திருந்தது. இன்று காய்ந்து கிடக்கிற இந்த மேட்டு நிலமெல்லாம் அப்போது கடலுக்கு அடியில்தான் இருந்தது. கடலுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் வெள்ளச்சி, சிப்பியும் கிளிஞ்சலும் திரண்டு ஆன சுண்ணாம்புக்கல். அவளைக் கீழே கிடத்தினாள் கடல். பிறகு பிறந்த மணலியை அவள்மேல் கிடத்தினாள். மணலிக்கும் மேலே கடைக்குட்டி செவத்தி. செம்மண்காரி, வாயும் கொஞ்சம் அதிகம்.

"அக்கா, கனக்குதா?" என்று மேலிருந்து கேட்பாள் செவத்தி.

"கனக்காம? நீ என்ன பதரா?" என்பாள் வெள்ளச்சி. "மூத்தவளாப் பொறந்தா சுமக்கத்தான் வேணும். பேசாமப் படு."

வெள்ளச்சியின் விலாவில் அவள் மகள் கிளிஞ்சி ஒண்டிக் கிடந்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளைச் சில்லு. இன்னும் பேச்சு வராத பிள்ளை. மேலே ஈரம் பட்டால் மட்டும் சிரிக்கும்.

ஒருநாள் கடல் விலகிப் போகும் வேளை வந்தது. ஏன் போனாள் என்று கேட்டால் பதில் இல்லை. வருவதும் போவதும் அவள் இஷ்டம். புறப்படுமுன் கரையில் கூடியிருந்த உயிர்களைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"நல்ல தண்ணி ஊத்து ஒண்ணே ஒண்ணு விட்டுட்டுப் போறேன். அது மூத்தவங்க பொறுப்புல இருக்கட்டும். அவங்க பாத்து எல்லாருக்கும் குடுக்கட்டும். நான் கிடத்தினதுல யாரு அடியில கிடக்காங்களோ, அவங்கதான் மூத்தவங்க. நண்டே, நீ சாட்சி."

கடல் போய்விட்டாள். ஓடையோரச் சரிவில் மூன்று பெண்களின் முகமும் வரிவரியாக வெளியே தெரிந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, வெள்ளச்சியின் இடுக்கிலிருந்து ஊற்று கசிந்தது. நண்டும் உடும்பும் கொக்கும் அவளை நம்பிப் பிழைத்தன.

பாதாளத்தில் அனலன் என்று ஒருவன் இருந்தான், உடம்பெல்லாம் உருகிக் கொதிக்கும் கற்குழம்பு. எங்கோ அலைந்து திரிந்து, கடல் போகும் காலத்தில்தான் அங்கே வந்து சேர்ந்தவன். ஊற்றுச் செய்தி அவன் காதில் விழுந்தது.

"ஏ வெள்ளச்சி!" நிலம் அதிர்ந்தது. "உனக்கும் அடியில நான் இருக்கேன். அப்ப யாரு மூத்தவன்? ஊத்தைக் குடு."

"நேத்து வந்தவன் நீ. எங்கம்மா என்னைக் கிடத்தினப்ப எனக்குக் கீழ சில்லுன்னு இருந்துச்சு."

"அதுக்கு யாரு சாட்சி?"

சாட்சி சொல்ல யாரும் இல்லை. அம்மா போய்விட்டாள். தங்கைகளோ அன்று பிறக்கவே இல்லை.

நண்டு கண்ணை நீட்டி நீட்டி யோசித்தது. "அடியில கிடக்கிறவங்கதான் மூத்தவங்கன்னு அம்மா சொன்னாங்க. இவனும் அடியிலதானே இருக்கான்? நான் என்ன செய்ய?"

"நேரா நடக்கத் தெரியாதவரு நியாயம் சொல்ல வந்துட்டாரு!" என்றாள் செவத்தி.

யாரும் சிரிக்கவில்லை. ஊற்று அனலன் கைக்குப் போனால் பொழுது சாயுமுன் ஆவியாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, அம்மாவின் சொல்லை யார் தட்டுவது?

"நீ குடுக்கலேன்னா நானே மேல வந்து எடுத்துக்கறேன்," என்றான் அனலன்.

"வராதடா. எம்பிள்ளை கிடக்கா."

அவன் வந்தான். வெள்ளச்சியைக் கிழித்தான், மணலியைக் கிழித்தான், செவத்தியைப் பிளந்துகொண்டு வெளியே வந்து சுவர்போல நின்றான். செவத்தியின் ஓரம் சூளையில் வைத்த செங்கல்போல வெந்துபோனது. ஊற்று சீறிப் புகைந்தது. வெள்ளச்சியின் விலாவில் கிளிஞ்சி இருந்த இடம் வெறும் பள்ளமாகக் கிடந்தது.

மேலே குளிர்காற்று பட்டதும் அனலன் உடம்பு ஆறத் தொடங்கியது. கால் இறுகியது, இடுப்பு இறுகியது, நிறம் கறுத்தது. அப்போதும், "பாத்தீங்களா, அடியிலிருந்து வந்தேன். ஊத்து எனக்கு!" என்றான்.

நண்டு தலை குனிந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தது.

"இரு," என்றாள் வெள்ளச்சி. "ஒண்ணு கேக்கறேன். நான் பொறக்கும் முன்னாடியே நீ இந்த வழியா வந்து நின்னிருந்தா, இந்தக் காயம் எனக்கு எப்படி வந்துச்சு? நான் இல்லேன்னா நீ யாரைச் சுட்ட?"

நண்டு அவள் பக்கம் நகர்ந்து வந்தது.

"என் ஓரத்தைத் தொட்டுப் பாருங்க. மணலி ஓரத்தைப் பாருங்க. நாங்க மூணு பேரும் கிடந்த பெறகுதான் இவன் எங்களைக் கிழிச்சான். இன்னும் நம்பலேன்னா, அவன் வயித்தைப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். கறுத்து இறுகிய அந்த உடம்பின் நடுவே, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வெள்ளைச் சில்லு.

"விழுங்கினவனுக்கு முன்னாடியே பொறந்தவ எம்பிள்ளை," என்றாள் வெள்ளச்சி.

நண்டு நிமிர்ந்தது. "அம்மா சொன்ன சொல்லு, அவங்க கிடத்தினவங்களுக்கு. இவனை யாரும் கிடத்தல. தானா நுழைஞ்சவன். இங்க இருக்கிறதுலயே இளையவன் இவன்தான். ஊத்து வெள்ளச்சிக்கு."

அனலன் கண்ணைத் தாழ்த்தித் தன் வயிற்றைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"தெரியாமப் போச்சு அக்கா," என்றான். அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

"அவளைக் குடுத்துடு."

"எப்படிக் குடுப்பேன்? கையும் மடங்கல, வயிறும் திறக்கல. கல்லாயிட்டேன்."

வெள்ளச்சி கேட்டாள்: "அவளுக்கு இன்னும் சுடுதா?"

"இல்ல அக்கா. ஆறிட்டா."

அதற்குப்பின் அவன் வாயும் இறுகிப் போனது. சொல்லிவைத்ததுபோலக் கல் இனத்துக்கே பேச்சு நின்றுவிட்டது. ஊற்று மட்டும் மறுபடி கசிந்தது.

அன்று முதல்தான், கிணறு தோண்டுகிறவர்கள் வரிவரியாகக் கிடக்கும் கல்லைக் கண்டால் அடியில் கிடப்பதே மூத்தது என்கிறார்கள். குறுக்கே பிளந்து நிற்கும் கருங்கல் சுவரைக் கண்டால் மட்டும் அது எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை, யாரைச் சுட்டது என்று பார்க்கிறார்கள். அதன் வயிற்றில் வெள்ளைச் சில்லு ஒன்று தென்பட்டால், அந்தச் சின்னஞ்சிறுசு தன்னைச் சுமந்து நிற்பவனைவிட மூத்தது என்று அறிந்து, அந்த இடத்தில் கடப்பாரையைக் கொஞ்சம் மெல்ல இறக்குகிறார்கள்.