பீரோவில் இருந்த லென்ஸ்

வால்பாறையில் ரெஹானா என்றொரு ஆசிரியை இருந்தாள். வயது முப்பத்தாறு. பறவைகளைப் படமெடுக்கக் கற்றுக்கொடுப்பாள். பழுதான கேமராக்களைப் பிரித்துச் சரிசெய்வாள். அவளுடைய மாணவர்களில் மூத்தவர் சிவக்கொழுந்து. நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். தன்னைவிட இருபத்தைந்து வயது சிறியவளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

மழை ஓய்ந்த செப்டம்பரில் ஒரு காலை, அவர் தோல் பை ஒன்றை அவள் மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், ஆன்டனி என் லென்ஸைக் கெடுத்துட்டான்."

ஆன்டனியும் அவளுடைய மாணவர்தான். தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன்.

"எப்போ?"

"மே மாசம். மகளுக்குச் சர்ச்சுல புதுநன்மை விழான்னு கேமராவோட ஒரு நாள் வாங்கிட்டுப் போனான். நேத்து காலையில மாட்டிப் பார்க்கிறேன், எல்லாம் புகைமூட்டமாத் தெரியுது. லென்ஸையே மாத்திட்டான்னு நினைச்சேன். நம்பரைப் பார்த்தா சரியாத்தான் இருக்கு. அப்போ உள்ளே கண்ணாடியை மாத்தியிருக்கான். எலக்ட்ரீஷியனுக்கு ஸ்க்ரூ கழட்டத் தெரியாதா?"

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"நேத்து சாயங்காலம் வகுப்புக்கு எல்லாரும் கூடினப்ப, நீங்க வர்றதுக்கு முன்னாடியே கேட்டேன். ஒரு வார்த்தை பேசலை. எழுந்து போயிட்டான். தப்பு பண்ணாதவன் ஏன் போகணும்?"

ரெஹானா பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க பிரிச்சுப் பார்த்து, கண்ணாடி மாறியிருக்குன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. தொழிற்சாலை மேனேஜர்கிட்ட புகார் கொடுக்கப் போறேன்."

"வேலை போயிடும் சார். வேலை போனா தொழிற்சாலை குடுத்த வீடும் போயிடும்."

"போகட்டும்."

அவள் பையிலிருந்து லென்ஸை எடுத்தாள். ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் சிவப்பாக ஒரு சின்னப் புள்ளி.

"இது என்ன?"

அவர் சற்றுத் தயங்கினார். "மருமகளோட நகப்பூச்சு. நான்தான் வெச்சேன். நீங்க எதையும் மாத்திடுவீங்கன்னு இல்லை. இருந்தாலும், பிரிச்சா எனக்குத் தெரியணும்ல."

ரெஹானா மேசை விளக்கை அவர் பக்கம் திருப்பினாள்.

"இந்தப் பக்கம் வந்து உட்காருங்க சார். அங்கே இருந்தா என் கை மறைக்கும்."

வந்து உட்கார்ந்தார். அவள் விரல்களை விட்டு அவர் கண் நகரவே இல்லை. கழட்டிய ஸ்க்ரூக்களை அவள் ஒரு வெள்ளைத் தட்டில் போடப் போட, அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

முன்கண்ணாடி கையோடு வந்தது. அதன் பின்னால் டார்ச்சைப் பிடித்தாள். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வெள்ளை இழைகள், வேர் விட்டதுபோல் பரவியிருந்தன.

"பார்த்தீங்களா! என்னத்தையோ தடவியிருக்கான்."

"தடவினது இல்லை. பூஞ்சை. கண்ணாடி மாறலை, உங்களோடதுதான்."

"அப்போ அவன் வீட்டுல ஒட்டியிருக்கும். அந்தக் குடியிருப்பு முழுக்க ஈரம்."

"மெமரி கார்டு இருக்கா?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டாள். வெள்ளை உடுப்பில் ஒரு சிறுமி, முன்பல் இல்லாமல் சிரித்தாள். தேதி மே இருபத்தெட்டு. அடுத்த படத்தில் ஒரு மலை இருவாச்சி. தேதி மே முப்பது.

"இது யார் எடுத்தது?"

"நான். அவன் திருப்பிக் குடுத்த மறுநாள்."

படத்தைப் பெரிதாக்கினாள். பறவையின் கண் திரை முழுக்க வந்தது. இமை முடிகளை எண்ணலாம்போல் இருந்தது. சிவக்கொழுந்து நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்கு அப்புறம் எடுத்த படம்?"

"இல்லை."

"மூணரை மாசமாவா?"

"ஒருத்தன் கேட்டுட்டான். அடுத்து இன்னொருத்தன் கேட்பான்னு தோணிச்சு. கம்பளியில சுத்தி, இந்தப் பையில போட்டு, பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன். சாவி எப்பவும் என் இடுப்புலதான். வீட்டு ஆளுங்களைக்கூட கிட்ட விடலை."

"மழை நாள்ல ஒரு தடவையாவது திறந்தீங்களா?"

"நேத்துதான் திறந்தேன்."

அவள் தோல் பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மோந்து பாருங்க."

முகத்தருகே கொண்டுபோனவர், பூசண வாடை அடிக்கவே உடனே கீழே வைத்துவிட்டார். தன் போனை எடுத்தவர், அதையும் மேசைமேல் வைத்தார்.

"ஆன்டனி நம்பர் என்கிட்ட இல்லை, டீச்சர். நேத்தே அழிச்சிட்டேன்."

அவள் தன் போனில் அந்த நம்பரை அழைத்து அவரிடம் நீட்டினாள். அவர் எழுந்து வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதுகு மட்டும் தெரிந்தது. முதலில் நிமிர்ந்து நின்றவர், பேசப் பேச வாசல் தூணில் சாய்ந்துகொண்டார்.

திரும்பி வந்து போனைக் கொடுத்தார்.

"என்ன சொன்னார்?"

"மன்னிச்சுக்கோன்னேன். இதே வார்த்தையை அவங்க எல்லார் முன்னாலயும் வந்து சொல்லுங்கன்னான். சொல்றேன்னேன்." குரல் இறங்கியது. "கடைசியா, லென்ஸ் சரியாயிடுமான்னு கேட்டான்."

"நீங்க?"

"தெரியலைன்னேன்."

"துடைச்சுடலாம். ஓரத்துல ஒரு தழும்பு நிக்கும். கண்ணாடியோட மேல்பூச்சைப் பூஞ்சை அரிச்சிருக்கு."

"படத்துல தெரியுமா?"

"சில படத்துல தெரியும்."

அவர் தலையாட்டினார்.

"துடைச்சுக் காயவெச்சு மாட்டணும். நாலு நாள் ஆகும்" என்றாள் ரெஹானா. எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். தான் தினமும் காட்டுக்கு எடுத்துப்போகும் பெரிய லென்ஸைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தாள்.

"அதுவரைக்கும் இதை வெச்சுக்கங்க."

சிவக்கொழுந்து கை நீட்டவில்லை.

"டீச்சர், இது உங்க சொந்த லென்ஸ். நான் இதை என்ன பண்ணுவேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். உங்களோடதை முடிக்கிற வரைக்கும் நான் வெளியே போகலை, இது அலமாரியிலதான் கிடக்கும். நீங்க கொண்டுபோனா இதுக்கு நாலு நாள் வெயில் கிடைக்கும்."