கேக்கைத் திருடியது யார்?

மலை உச்சியில், மனிதர்கள் விட்டுப்போன பழைய பங்களா ஒன்று இருந்தது. கருமந்தி சவரிமுத்துவும், கடமானும், முயலும், முள்ளம்பன்றியும் அதில் குடியிருந்தன. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முதல்முறையாக நரி செவ்வந்தியையும் அழைத்திருந்தார்கள்.

அவள் ஆசையாகத் தன் இரண்டு குட்டிகளோடு வந்தாள். "நீ குதிரை லாயத்தில் படுத்துக்கொள்!" என்றான் சவரிமுத்து. அவன்தான் வீட்டுக்குப் பெரியவன். லாயமோ புல்வெளிக்கு அந்தப் பக்கம் இருந்தது. செவ்வந்திக்குச் சுருக்கென்றது. பண்டிகை நாளில் சண்டை எதற்கு என்று குட்டிகளோடு அங்கே போனாள்.

விடிந்ததும் ஒரே கூச்சல்! தேனும் அத்திப்பழமும் சேர்த்து எல்லோரும் பாடுபட்டுச் செய்த கேக்கை அலமாரியில் காணவில்லை. எல்லோரும் லாயத்துக்கு ஓடிவந்தார்கள்.

"நரிதான் திருடி!" என்று கத்தினான் சவரிமுத்து. "குட்டிகளோடு இவளை மலையை விட்டே துரத்துங்கள்!"

"ஆமாம், துரத்துங்கள்!" என்றது முயல்.

குட்டிகள் அம்மாவின் வயிற்றுக்கடியில் ஒண்டின. செவ்வந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நான் எடுத்ததை யார் பார்த்தது?"

முயல் கடமானைப் பார்த்தது; கடமான் முள்ளம்பன்றியைப் பார்த்தது.

"நரி என்றால் திருடி, அவ்வளவுதானா? புல்வெளியைப் பாருங்கள்! நேற்றுச் சாயங்காலம் நான் இங்கே வந்த பிறகு உறைபனி படிந்தது. அதற்குப் பிறகுதானே கேக்கை அலமாரியில் வைத்தீர்கள்? வீட்டிலிருந்து நீங்கள் வந்த தடம் இருக்கிறது. இங்கிருந்து நான் போன தடம் எங்கே? பறந்தா போனேன்?"

கடமான் குனிந்து பார்த்தது. வெள்ளைப் பனியில் ஒரு நரித்தடம்கூட இல்லை.

"அப்படியென்றால் திருடன் வீட்டுக்குள்ளேதான் இருந்திருக்கிறான்!" என்றது கடமான்.

"அலமாரியை உடைத்திருக்கிறார்களா?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"இல்லை. தாழ்ப்பாளை அழகாகத் திறந்திருக்கிறார்கள்" என்றது கடமான்.

"உங்கள் குளம்பால் திறக்க முடியுமா? முயலின் பாதத்தால்? முள்ளம்பன்றியால்?"

எல்லோரும் மெல்லச் சவரிமுத்துவின் பக்கம் திரும்பினார்கள். அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"கையை நீட்டு!" என்று அதட்டியது கடமான்.

விரல் இடுக்கெல்லாம் தேன் பிசுபிசுத்தது. "கொஞ்சம் ருசி பார்க்கலாமென்றுதான்..." என்று இழுத்தான் சவரிமுத்து.

"தின்றது போகட்டும்! பழியை என் தலையில் கட்டினாயே!" என்று சீறினாள் செவ்வந்தி. பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். "அவன் ஒருவன்தான் பொய் சொன்னான். நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் என் குழந்தைகளைப் பனியில் துரத்தப் பார்த்தீர்களே!"

முயல் தலையைத் தொங்கப் போட்டது. "மன்னித்துவிடுங்கள், அக்கா."

அன்று சவரிமுத்துவை லாயத்துக்கு அனுப்பினார்கள். செவ்வந்தி கோபம் தணியாமலேயே குட்டிகளோடு முன்வாசல் வழியாக உள்ளே போனாள். கூடத்தின் நடுவில், அவனுடைய இடத்தில் உட்கார்ந்தாள்.

விசாரிக்காமல் ஒருவர்மேல் பழி போடுகிறவர்கள், உண்மைத் திருடனுக்குத் துணைபோகிறார்கள்.