கறுப்புத் துண்டு

"அவனுக்கு மூண்டு. எனக்கு ஒண்டும் இல்லை. ஏன்?"

கஜீபன் இப்படிக் கேட்டபோது கோப்ரல் மிதுஷா கறுப்புப் பாணில் ஈரல் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார். பூசி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

டென்மார்க்கில், மரம் என்று ஒன்றுகூட இல்லாத காற்றுவெளியில் இருந்தது அந்தப் படைமுகாம். சுடும் திடலுக்கு மிதுஷாதான் பொறுப்பு. வயது இருபத்தைந்து. முகாமில் தமிழ் கதைக்கிறவர்கள் மூன்றே பேர். அவர், கஜீபன், பிறகு அவன்.

அவன் என்றால் துவாரகன். கஜீபனின் மாமி மகன். ஒரே நாளில் சேர்ந்தவர்கள். கஜீபன் கீழ்க்கட்டில், துவாரகன் மேல்கட்டில். அதிலும் அவன்தான் மேலே.

துவாரகனின் சீருடையில், நெஞ்சில், மூன்று சின்னங்கள். ஓட்டத்துக்கு ஒன்று. முதலுதவிக்கு ஒன்று. பாரம் சுமந்து நடந்ததற்கு ஒன்று.

கஜீபனின் நெஞ்சில் பெயர் மட்டும்.

சின்னம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய தகடு. ஆனால் ஒவ்வொன்றும் கிடைத்தபோது மாமி படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். படம் போட்ட பத்தாவது நிமிடம் அம்மா கஜீபனுக்கு அழைப்பார்.

"துவாரகன்ர நெஞ்சில என்னவோ மினுங்குது. உனக்கு அது தரமாட்டினமோ?"

ஒருநாள் துவாரகன் குளிக்கப் போன நேரம், கஜீபன் அவனுடைய சட்டையை எடுத்துப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தான்.

நல்லாத்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

"கோப்ரல், நான் கேட்டது விளங்கினதோ?"

"விளங்கினது. இப்ப என்ன வேணும்?"

"இண்டைக்குச் சுடுற சோதனை. அந்தச் சின்னம் எனக்கு வேணும்."

"சுடு. கிடைக்கும்."

"அவனும் சுடுறானே."

"அவன் சுட்டா உன்ர குண்டு வளையுமோ?"

"வெள்ளிக்கிழமை அணிவகுப்புக்கு ரெண்டு வீட்டாரும் வருகினம். அவன் நாலோட நிப்பான். நான் அவனுக்குப் பக்கத்தில நிக்கவேணும். உங்களுக்கு விளங்காது. உங்கட நெஞ்சிலதான் ஒரு சின்னமும் இல்லையே."

"துவைக்க லேசு" என்றார் மிதுஷா.

பிறகு மேசைக்குக் கீழே குனிந்து ஒரு நீல நிறப் பிஸ்கட் டின்னை எடுத்து அவன் கையில் வைத்தார். கஜீபன் வீட்டில் அதே டின்னுக்குள் ஊசி நூல் இருக்கும். இதற்குள் தபால்தலை அளவில் ஒட்டுத்துண்டுகள். சுடும் இலக்கின் கறுப்பு நடுவுக்குக் கறுப்பு, வெள்ளை ஓரத்துக்கு வெள்ளை.

"காலமை அவன் சுடட்டும். நீ பள்ளத்தில நில். பின்னேரம் நீ சுடு. அவன் பள்ளத்தில நிக்கட்டும்."

"நான் ஏன் அவனுக்குப் பேப்பர் தூக்கவேணும்?"

மிதுஷா பாணைக் கடித்தார். கதை முடிந்தது.

திடலில் இருந்த மின் இலக்குகள் இரண்டு நாளாகப் பழுது. அதனால் பழைய முறைதான். சுடுகிறவன் இந்தப் பக்கம் படுத்திருப்பான். இருநூறு மீற்றருக்கு அப்பால், மண் அணைக்குப் பின்னால், ஆள் உயரப் பள்ளம். பள்ளத்தில் நிற்கிறவன் இலக்குப் பேப்பரைச் சட்டத்தில் மாட்டி மேலே ஏற்றுவான். குண்டு பட்டதும் கீழே இறக்குவான். எங்கே பட்டது என்று பார்த்து, கையில் பிடித்துப் பேசும் வானொலியில் புள்ளி சொல்வான். ஒருவன் ஐந்து குண்டும் சுட்டு முடிந்த பிறகுதான் அவனுடைய ஓட்டைகளுக்குத் துண்டு ஒட்டலாம். அடுத்தவனும் அதே பேப்பரில் சுடுவான்.

ஐந்து குண்டு. ஐம்பது புள்ளி. நாற்பத்தாறு எடுத்தால் சின்னம்.

துவாரகன் சுட்டான்.

பத்து.

ஒன்பது.

ஒன்பது.

ஒன்பது.

ஒவ்வொரு முறையும் கஜீபன் புள்ளியைச் சொன்னான். முப்பத்தேழு. இனி ஒரு ஒன்பது போதும்.

ஐந்தாவது வெடி கேட்டது. பேப்பரை இறக்கினான்.

ஓட்டை ஒன்பதாம் வட்டத்தின் கோட்டில் இருந்தது. உள்ளே இல்லை. வெளியேயும் இல்லை. கோட்டைத் தொட்டால் ஒன்பது. அதுதான் விதி.

தொட்டிருந்தது.

கஜீபன் மேலே பார்த்தான். வானம்தான். பள்ளத்துக்குள் அவனைத் தவிர ஆள் இல்லை. பேப்பரில் முன்னால் சுட்டவர்களுடைய துண்டுகள் ஏற்கெனவே இருபது முப்பது இருந்தன.

டின்னைத் திறந்தான். கறுப்பில் ஒன்றை எடுத்தான். ஒட்டினான். பெருவிரலால் அழுத்தினான்.

வானொலி கரகரத்தது. "அஞ்சாவது?" மிதுஷாவின் குரல்.

"பேப்பரில படேல்லை."

"நல்லாப் பாத்தனியோ?"

"பாத்தனான்."



"சரி. பேப்பரைச் சுருட்டி வை. பின்னேரத்துக்குப் புதுசு மாட்டு."

மத்தியானச் சாப்பாட்டில் துவாரகன் அவனுக்குப் பக்கத்தில் வந்து தட்டை வைத்தான். முகம் தொங்கியிருந்தது.

"முழுசாத் தவறியிருக்கு மச்சான். எப்பிடி எண்டே விளங்கேல்லை. விரலை இழுத்துப்போட்டன் போல."

"காற்று" என்றான் கஜீபன்.

"இருக்கும்." துவாரகன் தன் தட்டில் இருந்த அப்பிள் கேக்கை அவனுடைய தட்டுக்குத் தள்ளினான். "நீ சாப்பிடு. பின்னேரம் நீ எடு. மாமிக்கும் ஒரு படம் வேணுமல்லோ?"

கஜீபன் கேக்கைச் சாப்பிட்டான். இனித்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது. தோற்றுப்போன பிறகும் இவனுக்கு எப்படி இப்படி இருக்க வருகிறது?

பின்னேரம் துவாரகன் டின்னோடு பள்ளத்துக்குப் போனான். கஜீபன் வயிறு நிலத்தில் பட, படுத்தான். மிதுஷா அவனுக்குப் பக்கத்தில் மண்ணில் குந்தி, தூரக்கண்ணாடியில் கண்ணை வைத்தார்.

முதல் குண்டு.

"ஒன்பது" என்றது வானொலி.

இரண்டாவது.

"ஒன்பது. நல்லாப் போகுது மச்சான்!"

"பள்ளத்தில வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு" என்றார் மிதுஷா.

மூன்றாவது.

"பத்து!"

கஜீபன் கணக்குப் போட்டான். ஏன் இவன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறான்? முதல் நாலையும் ஒழுங்காகச் சொல்வான். அப்போதுதான் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். கடைசியில்தான் வேலையைக் காட்டுவான். அப்படித்தான் செய்யவேண்டும். அப்படித்தான் செய்வார்கள்.

நான்காவது.

"ஒன்பது."

முப்பத்தேழு. காலையில் துவாரகன் நின்ற அதே இடம்.

கஜீபன் மூச்சை அடக்கினான். குறுக்குக் கம்பி நடுவில் வந்து நின்றது. விரலை மெல்ல அழுத்தினான்.

வெடித்தது.

தூரத்தில் இலக்கு கீழே இறங்கியது.

வானொலி பேசவில்லை.

கஜீபன் காத்திருந்தான். இருபது விநாடி. முப்பது. மற்ற நாலுக்கும் ஐந்து விநாடிகூட எடுக்கவில்லை.

"என்ன செய்யிறான்?"

மிதுஷா தூரக்கண்ணாடியைக் கொஞ்சம் திருகினார்.

"கோப்ரல், அவன் அங்க என்ன செய்யிறான்?"

"பாக்கிறான்."

"இவ்வளவு நேரமோ?"

நாற்பது விநாடி. கஜீபன் துவக்கை விட்டுவிட்டு முழங்காலில் எழும்பிவிட்டான்.

"களவு! களவு செய்யிறான் அக்கா! கறுப்புத் துண்டை எடுத்து என்ர ஓட்டையில ஒட்டுறான்! ஒட்டிப்போட்டுப் பேப்பரில படேல்லை எண்டு சொல்லப்போறான்! மற்ற ஆக்களின்ர துண்டுகளுக்குள்ள அதை ஒருத்தராலும் கண்டுபிடிக்க ஏலாது!"

மிதுஷா தூரக்கண்ணாடியில் இருந்து கண்ணை எடுத்தார். அவனைப் பார்த்தார்.

"இப்ப மாட்டியிருக்கிறது புதுப் பேப்பர்" என்றார். "அதில மற்ற ஆக்களின்ர துண்டு ஒண்டும் இல்லை."

கஜீபன் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டத் தொடங்கினான்.

"மூண்டு வருசமா இந்தத் திடலில நிக்கிறன். அப்பிடி ஒரு களவு செய்யலாம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

வானொலி கரகரத்தது.

"கோப்ரல், மன்னிக்கவேணும், நேரம் எடுத்துட்டுது. கோட்டில பட்டிருக்கு. கண்ணைக் கிட்ட வைச்சு மூண்டு தரம் பாத்தனான். தொடுது. வடிவாத் தொடுது. ஒன்பது. நாப்பத்தாறு!" பிறகு ஒரு கூச்சல். "மச்சான், எடுத்துட்டாய்! வெள்ளிக்கிழமை அம்மாவைக் கொண்டு உன்னைத்தான் முதல் படம் எடுப்பிக்கிறன்!"

மிதுஷா வானொலியைக் கஜீபனிடம் நீட்டினார்.

அவன் வாங்கவில்லை.

அவரும் கையை மடக்கவில்லை.

வாங்கினான். பொத்தானை அழுத்தினான். பொத்தானை விட்டான்.

"என்ன மச்சான், சந்தோசத்தில வாய் அடைச்சுப் போச்சோ?"

மறுபடியும் அழுத்தினான்.

"மச்சான். காலமைப் பேப்பர் அங்க சுருட்டி வைச்சிருக்கிறன். விரி."

"ஏன்?"

"விரியடா."

பேப்பர் விரிகிற சத்தம் வானொலியில் கேட்டது.

"ஒன்பதாம் கோட்டில, வலப்பக்கம், ஒரு கறுப்புத் துண்டு. ஓரத்தில என்ர பெருவிரல் அடையாளம் இருக்கும்."

"ஓம், இருக்கு."

"அதை உரி" என்றான் கஜீபன். "அது உன்ர."