கை எட்டும் தூரம்

பல் டாக்டர் அம்பலவாணன் பறவைகளைப் படமெடுப்பதில் கைதேர்ந்தவர். விடுமுறை வந்தால் நீள லென்ஸைத் தோளில் மாட்டிக்கொண்டு குளத்தங்கரைக்குப் போய்விடுவார். கோரைப்புல்லுக்குள் பதுங்கி, மூச்சை அடக்கி, நாரை சிறகு விரிக்கும்வரை காத்திருப்பார். மனித முகத்தை மட்டும் அவர் எடுத்ததே இல்லை.

அவர் மனைவி கோமதிக்குப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, உதிர்ந்த முடி மறுபடி முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் அவள் கேட்டாள்.

"இப்ப எப்படி இருக்கேனோ அப்படியே என்னை ஒரு படம் எடுங்களேன்."

எடுத்தார். நிறையவே எடுத்தார். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"தெருவுல போற யாரையோ எடுத்த மாதிரி இருக்குங்க."

பாளையங்கோட்டையில் செலின் என்ற பெண் போர்ட்ரெய்ட், அதாவது ஆளின் முகப்படம், எடுக்கச் சொல்லிக் கொடுத்துவந்தார். டாக்டரைவிட வெகு இளையவர். மனைவியைக் கூட்டிக்கொண்டு, படங்களையும் எடுத்துக்கொண்டு அம்பலவாணன் அவரிடம் போனார்.

"முகத்துல உயிர் வரமாட்டேங்குது மேடம். நான் என்ன தப்பு பண்றேன்?"

செலின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எங்க நின்னு எடுத்தீங்க சார்?"

"இது மொட்டைமாடியில இருந்து. அது ஜன்னலுக்குப் பின்னால நின்னு. எடுக்கறது தெரிஞ்சா முகம் மாறிடும்ல? இயல்பா இருக்கட்டும்னுதான்."

"பறவைக்கு அது சரி. ஆளைப் பார்த்தா பறந்துடும். இவங்க எங்க போயிடப் போறாங்க?"

கோமதி சிரித்துவிட்டாள். அம்பலவாணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

செலின் நீள லென்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார். சின்ன லென்ஸ் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு ஸ்டூல்களை எதிரெதிரே போட்டார். முழங்கால் இடிக்கிற நெருக்கம்.

"உட்காருங்க."

கோமதிக்கு எதிரே உட்கார்ந்து அம்பலவாணன் கேமராவை உயர்த்தினார்.

சிகிச்சை நாட்களில் அவர் எதிலும் குறை வைத்ததில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்தார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதை மட்டும் எப்படியோ தவிர்த்துவிட்டார். இப்போது கேமராவுக்குள் அந்த முகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. புருவம் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்திருந்தது. கேமரா சற்றே தாழ்ந்தபோது, கழுத்தெலும்புக்குக் கீழே, மருந்து ஏற்றக் குழாய் வைத்த இடத்தில், ஒரு தழும்பு.

"கொஞ்சம் தள்ளிப் போய் எடுக்கட்டுமா மேடம்? ஃபோகஸ் நிக்க மாட்டேங்குது."

"லென்ஸ் நல்லாத்தான் சார் இருக்கு. நீங்கதான் பின்னால பின்னால சாயறீங்க."

அவர் கேமராவை மடியில் இறக்கிவிட்டார். அவள் முகத்தை நேராகப் பார்த்தார். கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"அந்த இடம் வலிக்குதா?" என்று கேட்டார்.

"எந்த இடம்?"

அவர் விரல் தழும்புக்குப் பக்கத்தில் போய், தொடாமல் நின்றது.

"இப்ப இல்ல. அப்ப ரொம்ப வலிச்சுது."

"சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கலையே."

குற்றம் சொல்வதுபோல் அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பார்வையை விலக்கவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஈரம் படர்ந்தது. கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். கேமராவைக் கையில் எடுத்தார். இப்போது பின்னால் சாயவில்லை.

ஆனாலும் ஒரு தயக்கம். செலின் இருந்த பக்கம் திரும்பினார்.

"இப்ப எடுக்கலாமா மேடம்?"

"என்னை ஏன் சார் கேக்கறீங்க? அவங்களைக் கேளுங்க."